ஒரு பேரும் அரைப் பேரும்: கண்டிச் சீமையில் உருமாறிய பெயர்கள்

2007ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை ஆட்டமிழக்கச் செய்து, டெஸ்ட் கிரிக்கெட்டில் தமது 709ஆவது விக்கெட்டை முரளிதரன் வீழ்த்தினார். ஷேன் வோர்னின் 708 என்ற எண்ணிக்கை அன்று முறியடிக்கப்பட்டது. பந்தைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் அன்று எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அந்தச் சாதனையை ஒட்டி வெளியான சிறப்பு அஞ்சல் உறையின் முத்திரையில் இருந்த ஒரு சிறு மாற்றத்தைக் கவனித்தவர்கள் குறைவு. பதினைந்து ஆண்டுகளாக உலகம் ஆங்கிலத்தில் 'டி.எச்.' சேர்த்து எழுதிவந்த அவருடைய பெயர், அந்த முத்திரையில் தனி 'டி' எழுத்தோடு, 'முரளிடரன்' என்று வாசிக்கத்தக்க வகையில் இருந்தது. அதே ஆண்டில் அவுஸ்திரேலிய, இலங்கை அணிகளுக்கிடையிலான டெஸ்ட் தொடருக்கு அறிமுகமான வோர்ன் - முரளி கிண்ணத்திலும் அதே எழுத்துக்கூட்டலே பொறிக்கப்பட்டது. அவர் விரும்பியதும் அதுவே.

ஒரே ஓர் எழுத்துக்கு இத்தனை அக்கறையா என்று கேட்கலாம். அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கண்டியையும் அதன் சுற்றுப்புறங்களையும் அறிந்தவர்களுக்கு அது தங்கள் குடும்ப வரலாறாகவும் இருக்கக்கூடும்.

முதலில் எழுத்தின் சிக்கலைப் பார்ப்போம். தமிழில் 'த' என்பது ஓர் எழுத்துத்தான். அதன் ஒலியோ இடத்துக்கு இடம் மாறும். 'தம்பி'யில் வல்லோசை, 'பாதி'யில் மெல்லிய ஒலிப்பு. எழுத்தை மாற்றாமலே நாக்கு அதைச் செய்துகொள்கிறது. இலங்கையில் 'த'வை ஆங்கிலத்தில் 'டி.எச்.' என்றும், 'ட'வை 'டி' என்றும் எழுதுவது வழக்கம். தமிழகத்தில் சொல்லின் இடையில் வரும் 'த'வுக்குப் பலரும் வெறும் 'டி' என்றே எழுதுவர். ஆகவே இலங்கை வழக்கப்படி எழுதப்பட்ட பெயரைத் தமிழறியாத ஆங்கிலேயர் படிக்கும்போது, பல்லிடுக்கில் காற்றை ஊதும் தம்முடைய ஒலியையே அதில் ஏற்றிவிடுகிறார்கள். குழலைத் தாங்கியவன் என்ற பொருள் தரும் பெயர், பொருளற்ற ஓசையாகிவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 'முரளிதரன்' என்பது குடும்பப் பெயரே அன்று. 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர் அவருடைய பாட்டனார் சின்னசாமி. பிற்காலத்தில் அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட, மகன் முத்தையா கண்டியிலேயே தங்கித் தொழில் நடத்தினார். முத்தையாவின் மகன் முரளிதரன். பாட்டனார் பெயரின் முதலெழுத்து தந்தைக்கு முன்னெழுத்தாயிற்று; தந்தையின் பெயர் மகனுக்கு முன்பெயராயிற்று. மூன்று தலைமுறைக்கும் பொதுவாக ஓடும் ஒரு பெயர் அந்தக் குடும்பத்தில் இல்லை. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இல்லை. ஆனால் இரண்டு சொற்களைக் கண்டால் பிந்தியதைக் குடும்பப் பெயர் என்று கொள்வதே ஐரோப்பியப் பழக்கம். தாயும் தந்தையும் பிள்ளைக்கு வைத்த பெயர் இவ்வாறு ஒரு குலத்தின் பெயராகிவிடுகிறது.

இந்த மாற்றங்கள் நேற்று வந்தவை அல்ல. கண்டி என்ற ஊர்ப்பெயரே அப்படிப்பட்டதுதான். சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை; 'கந்த உட ரட்ட' என்றால் மலைமேல் உள்ள நாடு. போர்த்துக்கேயர் அதைச் சுருக்கிக் 'கந்தேயா' ஆக்கினர். ஆங்கிலேயர் 'கெண்டி' என்றனர். நாம் கண்டி என்கிறோம். அந்நகரில் வாழும் சிங்களவரோ இன்றும் அதை 'மஹ நுவர', அதாவது பெருநகர் என்றே சொல்கின்றனர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இந்த முரண்பாட்டை அன்றைக்கே குறித்திருக்கிறார். கண்டி என்பது கிறிஸ்தவர்கள் வழங்கும் பெயர் என்றும், ஊரார் அதற்கு வேறு பெயர் சொல்கின்றனர் என்றும் விளக்கிவிட்டு, அந்த உள்ளூர்ப் பெயரையும் தம் காதில் விழுந்தவாறு 'ஹிங்கொடகுல் நூர்' என்று எழுதிவைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்தவரின் காதுக்கே அந்தப் பெயர் அவ்வாறுதான் கேட்டது.

கண்டிக்குத் தெற்கே உள்ள கம்பளை, பதினான்காம் நூற்றாண்டில் ஓர் இராச்சியத்தின் தலைநகராக இருந்தது. அக்காலத்தில் அதன் அண்மையில் எழுந்த இலங்காதிலக விகாரையைக் கட்டியவர் ஸ்தபதி ராயர். கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராச்சாரி. இருவருமே தென்னிந்தியச் சிற்பிகள். இலங்காதிலகத்தின் பாறையில் சிங்களத்தோடு தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. அதே கம்பளை அரசவையில் பெருஞ்செல்வாக்கோடு விளங்கியது அழகக்கோனார் குடும்பம். தென்னிந்தியாவின் வஞ்சி நகரோடு தொடர்புடைய வணிகக் குடும்பம் அது. 'அழகு', 'கோனார்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்களும் சிங்கள நாவில் 'அலகக்கோனார' ஆயின. சிங்களத்தில் 'ழ' என்ற எழுத்து இல்லாததால் அது 'ல' ஆவது இயல்பு. பின்னர் வடமொழிச் சாயம் ஏறி 'அளகேஸ்வர' என்று அப்பெயர் உயர்ந்தது. குபேரனின் தலைநகரான அளகாபுரிக்குத் தலைவன் என்று பொருள்பட, வணிகக் குடும்பத்துக்கு அது மிகவும் பொருந்தியும் விட்டது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளை எதிர்க்கக் கோட்டையில் அரண் எழுப்பியவர் இந்தக் குடும்பத்தவர் என்பதை நினைத்தால், பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பக்கத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு பிழையானது என்பது புரியும்.

1411ஆம் ஆண்டளவில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ, இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். சீன ஏடுகளில் அவர் பெயர் 'யா-லியே-கு-நாய்-அர்' என்று பதிவாகியுள்ளது. சீன எழுத்துகள் ஒவ்வொன்றும் ஓர் அசை. அந்த அசைகளுக்குள் அடங்கிய அளவுக்கே அழகக்கோனார் அங்கே எஞ்சினார்.

கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் நாயக்க மரபினர். 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கனோடு தொடங்கிய அந்த ஆட்சி, கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனோடு 1815இல் முடிந்தது. மதுரை, தஞ்சைப் பகுதிகளோடு உறவு கொண்டிருந்த, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த அரச குடும்பத்தை ஆங்கிலேயர் அழைத்த பெயர் 'மலபார்'. இந்தியாவின் மேற்குக் கரையில் முதலில் இறங்கிய போர்த்துக்கேயர், அங்கே கேட்ட மொழியையும் பின்னர் கிழக்குக் கரையில் கேட்ட தமிழையும் ஒன்றென்று கருதி எல்லாருக்கும் 'மலபாரிகள்' என்று பெயர் சூட்டிவிட்டனர். அந்தப் பிழையை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அப்படியே சுமந்தனர். 1815 மார்ச் 2ஆந் திகதி கண்டி அரச மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையில், மலபார் இனத்தாருக்கு இந்நாட்டின் மீது இனி எவ்வித உரிமையும் இல்லை என்று எழுதப்பட்டது. மன்னரின் உறவினரான ஆண்கள் அனைவரும் நாட்டைவிட்டு விலக்கப்பட்டனர். தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பெயரின் பேரால் ஒரு சமூகம் வெளியேற்றப்பட்டது. மன்னர் வேலூர்க் கோட்டையில் 1832இல் மறைந்தார்.

ஒல்லாந்தர் காலத்தில் நிகழ்ந்த இன்னொரு மாற்றம் உலகறிந்தது. 'ஆங்கில நோயாளி' நாவலுக்காக 1992இல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாச்சியின் குடும்பப் பெயரைக் கனடாவில் முதன்முதலாகக் காண்பவர்கள் எப்படிச் சொல்வதென்று திகைப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து, ஒல்லாந்த ஆளுநரின் குடும்பத்துக்கு மருத்துவம் பார்த்தவரே தங்கள் மூதாதை என்பது அக்குடும்பத்தின் வழிவழிச் செய்தி. அந்த மருத்துவரின் தமிழ்ப் பெயரில் இருந்த 'ச்சி' என்ற ஒலியை ஒல்லாந்தர் தம் வழக்கப்படி 'டி', 'ஜே', 'இ' ஆகிய மூன்று எழுத்துகளால் எழுதினர். இந்தோனேசியாவிலும் அவர்கள் 'ச'கரத்தை இப்படித்தான் எழுதிவந்தனர். 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில்தான் அந்நாடு அதைக் கைவிட்டது. ஒண்டாச்சி குடும்பமோ அந்த எழுத்துக்கூட்டலைக் கைவிடவில்லை. எழுத்து ஒல்லாந்தருடையது, ஒலி தமிழருடையது என்ற நிலையில் அப்பெயர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறது. 1780களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் மக்களாட்சிக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர், கொழும்பில் பிறந்த குவின்ட் ஒண்டாச்சி. கண்டி வீதியில் உள்ள கேகாலையில்தான் மைக்கேல் ஒண்டாச்சியின் தந்தையாருடைய தோட்டம் இருந்தது.

ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் இந்த வரிசையில் சேரும். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவரும், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டவரும் அவரே. அவருடைய தந்தை சேர் முத்து குமாரசுவாமி. 'குமாரசுவாமி' என்பது பாட்டனாரின் இயற்பெயர். ஆங்கிலச் சமூகத்தோடு பழகிய அக்குடும்பத்தில் அது முத்துவின் தலைமுறையிலேயே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்ற ஆனந்தர், பாட்டனார் பெயரோடுதான் அமெரிக்காவில் நிலைபெற்றார்.

இவர்கள் எல்லாரும் அரசர்கள், அமைச்சர்கள், எழுத்தாளர்கள், அறிஞர்கள். பெயர் சிதைந்தாலும் வாழ்வு சிதையாதவர்கள் பலர் இவர்களுள் உண்டு. ஆனால் அதே மலைகளில் இலட்சக்கணக்கான மனிதருக்குப் பெயரின் ஓர் எழுத்து வாழ்வையே தீர்மானித்தது.

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டுக்கும் கைகொடுத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர்கள் முதலில் ஏறிய ஏடு, தோட்டத்தின் செக்ரோல் புத்தகம். கங்காணி சொல்வார், கணக்கப்பிள்ளை எழுதுவார், துரை கையொப்பமிடுவார். தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். முழுநாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். புத்தகத்தில் பெயருக்கு நேரே விழும் குறியே கூலி என்பதால் இந்த வழக்கு வந்திருக்க வேண்டும். உலகில் வேறெங்கேனும் கூலிக்கும் பெயருக்கும் ஒரே சொல் வழங்குகிறதா என்று நான் அறியேன்.

அந்தப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் ஏறிய பெயர், பிறப்புப் பதிவில் வேறு விதமாக ஏறும். தேசிய அடையாள அட்டைக்குச் சிங்களத்திலிருந்து பெயர்க்கப்படும்போது இன்னொரு விதமாகும். அழகன் 'அலகன்' ஆவான். அதே சொல் மீண்டும் தமிழுக்கு வரும்போது அழகு போய்ப் பறவையின் அலகு நிற்கும். பழனி 'பலானி' ஆவார்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அல்லது தந்தைவழிப் பாட்டனாரும் முப்பாட்டனாரும் இங்கே பிறந்ததை நிறுவ வேண்டும் என்றது. குடும்பப் பெயரே இல்லாத சமூகத்தில், ஒரு தலைமுறையின் பெயரை அடுத்த தலைமுறையோடு இணைப்பது கடதாசிதான். அந்தக் கடதாசியிலோ ஒரே ஆள் இரண்டு மூன்று ஆட்களாக நின்றார். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கே. மறுப்புக்கு அரசியல் காரணமே முதற்காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறுக்க விரும்பியவர்களுக்கு எழுத்துப்பிழைகள் வாய்ப்பான கருவிகளாயின.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தங்கள் சிதைந்த பெயர்களையும் கொண்டுசென்றனர். தமிழ்ப் பெயர்கள் தமிழ்நாட்டில் சரியாகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நீலகிரிக்குச் சென்றிருந்தபோது நான் கண்டது வேறு. இலங்கைக் கடவுச்சீட்டு வழக்கப்படி எழுதிய 'டி.எச்.'களோடு அங்கே ஆவணங்கள் இருந்தன. பெயரைச் சரியாக உச்சரித்த அயலவர்களே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். இலங்கையில் தங்கியோருள் நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்கு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே விடிவைத் தந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைப் பெற்றுக்கொடுக்க அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் லெட்சுமி. அடையாள அட்டையில் லச்சுமி. நிதிக் கணக்கில் லெச்சிமி. மூன்றும் வெவ்வேறு ஆட்கள் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த விரல்களால் மூன்று கடதாசிகளையும் மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு, "நான் ஒரே ஆளுதாங்கய்யா, பேருதான் மூணு" என்றார் அவர். அங்கிருந்த எழுதுவினைஞரும் சிரித்தார்; நானும் சிரித்தேன். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவைக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பணம் கைக்கு வர ஏழு மாதங்கள் சென்றன.

இன்று கண்டியிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்கள் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் லண்டனிலும் இருக்கின்றன. அங்கே பாட்டனாரின் பெயர் பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துகொண்டிருக்கிறது. நான்கு தலைமுறைக்குப் பின் அதை எப்படி ஒலிப்பார்களோ தெரியாது. ஒலி மாறுவதை நாம் தடுத்துவிட முடியாது. அழகக்கோனார் அளகேஸ்வரர் ஆனதையும் எவரும் தடுக்கவில்லை. அது ஓர் இழப்பு என்று மட்டும் சொல்லவும் என்னால் இயலாது. ஒண்டாச்சி என்ற பெயரை யார்தான் இப்போது திருத்த விரும்புவர்?

ஆனால் தானாக மாறும் பெயர் வேறு. பிறர் அசட்டையால் மாற்றிவிடும் பெயர் வேறு. முன்னதில் குடும்பத்தின் விருப்பம் இருக்கிறது. பின்னதில் அம்மூதாட்டியின் ஏழு மாதங்கள் இருக்கின்றன. ஆகவே நான் கேட்பது சிறியதொரு காரியம். வீட்டில் ஒரு தாளை எடுத்து, பாட்டனார், பாட்டியார், தந்தையார், தாயார் பெயர்களைத் தமிழில் அவர்கள் சொன்னவாறே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அரசாங்கக் கடதாசிகளில் அது எந்தெந்த எழுத்துகளில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுத உட்கார்ந்தபோது, என் தாய்வழிப் பாட்டியின் பெயர் 'அலமேலு' என்றே ஏடுகளில் இருப்பதைக் கண்டேன். அவரை எல்லாரும் 'அலம்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.